வண்டி வேறு, வீடு வேறு

சென்ற வாரம் இங்கே பகிர்ந்த ஒளிப்படத்தில் பூகா பள்ளத்தாக்கின் வெந்நீர் ஊற்றுகளைக் காட்டிலும் அவற்றின் அருகே நின்ற பிக்கப் வண்டியே பலருடைய கண்ணில் பட்டிருக்கிறது. கூரையின் மேல் விரியும் கூடாரம் ஏன் இல்லை, பக்கவாட்டில் பந்தல் இல்லையா, பின்னால் ஒரு டிரெய்லரை இழுத்துச் சென்றிருக்கலாமே என்று உள்பெட்டியில் கேள்விகள் குவிந்துவிட்டன. தனித்தனியாக விடையளிப்பதைவிட ஒரே பதிவாக எழுதிவிடுவது நல்லதெனத் தோன்றியது. சற்று நீளும், பொறுத்தருள்க.

பூகா, லடாக்கின் தென்கிழக்கே சாங்தாங் மேட்டுநிலத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள ஊற்றுகள் விட்டுச்செல்லும் வெண்காரமும் கந்தகமும் சிலிக்காவும் கலந்த படிவுகளே என் ஆய்வுப்பொருள். ஆண்டுதோறும் செப்டம்பரில் ஆறு நாள் அங்கே தங்கியாக வேண்டும். கடை இல்லை, பெட்ரோல் பங்க் இல்லை, நாங்கள் தங்கும் இடத்தில் கைப்பேசி அலைவரிசையும் கிடையாது. ஊற்று நீரில் போரான் மிகுதி என்பதால் அதைக் குடிக்கவும் இயலாது. ஆகவே குடிநீர் உட்பட அனைத்தையும் லேயிலிருந்தே ஏற்றிச் செல்கிறோம்.

வண்டி எங்களுடையதன்று. லேயைச் சேர்ந்த ஓர் ஓட்டுநருடையது. லடாக்கியில் அண்ணனை 'ஆச்சோ' என்பார்கள். நாங்கள் ஐவரில் மூத்தவரான அவரை அப்படித்தான் அழைக்கிறோம். ஆண்டின் மற்ற நாள்களில் அந்த வண்டி சிமென்ட் மூட்டையும் காய்கறியும் சுமக்கிறது. எங்களுக்காக அதில் எதைப் பொருத்தினாலும் ஏழாம் நாள் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும்.

முதல் பயணத்துக்கு முன் ஆய்வகத்து மூத்தவர் ஒருவர், சமவெளி நகரத்துப் பட்டறை ஒன்றில் வரைந்து வாங்கிய திட்டப்படத்தை அனுப்பினார். பின்தொட்டி முழுவதும் ஒட்டுப்பலகையாலான அலமாரி, இழுப்பறைகளில் சமையலறை, மேலே கூரைக் கூடாரம். பார்க்க மிக அழகு. அதை நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறையில் முப்பது ஆண்டுகள் உழைத்த என் தாய்மாமாவுக்கு அனுப்பினேன். அன்றிரவே அழைத்தார்.

"படம் நல்லாத்தான் இருக்குது கண்ணு. மொதல்ல எடையச் சொல்லு, பொறவு பெட்டியப் பத்திப் பேசலாம்."

கணக்கிட்டோம். வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் மிஞ்சுவது ஏறக்குறைய 1,000 கிலோ. மனிதர்களும் அதற்குள் அடக்கம் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். குளிராடைகளுடன் ஐவர், 400 கிலோ. ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் வீதம் ஆறு நாளுக்கு நீர், 150. கருவிகள், 150. கூடாரங்களும் உறக்கப் பைகளும், 90. உணவும் அடுப்பும் பாத்திரமும், 80. இரண்டாவது ஸ்டெப்னி, ஜாக்கி, மண்வெட்டி, பழுதுநீக்கும் கருவிகள், 50. இருபது லிட்டர் கேன் இரண்டில் டீசல், கேனோடு சேர்த்து 40. கூட்டினால் 960. எஞ்சிய 40 கிலோவுக்குள் அந்த அழகிய அலமாரியைக் கட்ட வேண்டும்.

எட்டடிக்கு நான்கடி ஒட்டுப்பலகை, 18 மில்லிமீட்டர் தடிப்பில், ஒன்றே ஏறத்தாழ 35 கிலோ வரும். திட்டப்படம் அதில் நான்கைக் கேட்டது. இரும்பு ஆங்கிளையும் இழுப்பறைத் தண்டவாளங்களையும் சேர்த்தால் 200 கிலோவைத் தொடும். கூரைக் கூடாரம் இன்னொரு 60. அதுவும் வண்டியின் மிக உயரமான இடத்தில், வளைவுதோறும் வண்டியைச் சாய்க்கக்கூடிய இடத்தில்.

மாமா அலமாரி வேண்டாம் என்றதற்கு வேறொரு காரணமும் உண்டு. கரடுமுரடான பாதையில் வண்டியின் சட்டகம் முறுக்கிக்கொள்ளும். முறுக்குக்கு இணங்காமல் விறைத்து நிற்கும் எதுவும் நாளடைவில் வெல்டு விட்டுப்போகும். பழைய லாரிப் பாடிகளை மரத்தில் கட்டி போல்ட்டால் பிணைத்தது மரம் மலிவு என்பதற்காக மட்டுமன்று, அது வளைந்துகொடுக்கும் என்பதற்காகவும்தான் என்றார். அலமாரிக்கு மாற்றாக அவர் சொன்னது பால் பாக்கெட்டுகள் வைத்து வரும் பிளாஸ்டிக் பெட்டிகள். ஒவ்வொன்றும் இரண்டு கிலோ அளவில்தான் எடை. பன்னிரண்டு வாங்கினோம். கனமானவை அடியில், பின்னச்சுக்கு முன்பக்கமாக; இலகுவானவை மேலே. எல்லாவற்றின் மீதும் தார்ப்பாய், அதன் மேல் இறுக்கும் பட்டைகள். மாலையில் கையால் ஒவ்வொரு பட்டையையும் தட்டிப் பார்ப்பது ஒருவரின் பொறுப்பு.

சட்டமும் இதற்கு ஒத்துவருகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் வகுத்ததற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை வலியுறுத்தியது. பட்டை போட்டுக் கட்டிய பெட்டி வெறும் சரக்கு. அறைந்து பொருத்திய வீடு அப்படியன்று.

டிரெய்லரைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: மலைச்சாலையில் ஏறிவரும் வண்டிக்கே முன்னுரிமை, இறங்குபவர் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஒற்றை வழிச் சாலையில் ஒதுங்குவதென்றால் பல வேளைகளில் பின்னோக்கிச் செல்வதென்றே பொருள். டிரெய்லரைப் பின்னோக்கித் தள்ளும்போது ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்க வேண்டும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம் என்னும் இடத்தில் அதைப் பயிலலாகாது. மணாலி வழியில் கேட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் டிரெய்லருக்கு ஒரு பெருஞ்சிறப்பு உண்டு. கூரைக் கூடாரத்தை விற்பவர்கள் அதைச் சொல்வதில்லை. அதைக் கழற்றி நிறுத்திவிட்டு வண்டி மட்டும் புறப்பட்டுப் போகலாம்.

இதை நான் முதலில் கண்டது மலையில் அன்று, பாலையில். முதுகலை மாணவியாக ஜெய்சல்மேர்ப் பக்கம் களப்பயிற்சிக்குச் சென்றபோது, மணல்வெளி நடுவே டி.என். 34 எனப் பதிவெண் தாங்கிய ஆழ்துளைக் கிணற்று வண்டி ஒன்று நின்றுகொண்டிருந்தது. திருச்செங்கோட்டு வண்டி! ஆண்டின் பெரும்பகுதியை ஊர் ஊராக, மாநிலம் மாநிலமாக வண்டியிலேயே கழிப்பவர்கள் அவர்கள். துளையிடும் வண்டி ஓரிடத்தில் நிற்கும். துணைக்கு வரும் லாரி குழாய்களையும் டீசலையும் தண்ணீரையும் அரிசியையும் சுமக்கும். ஒன்று நிற்பதற்கு, ஒன்று ஓடுவதற்கு. எனக்கு ரசம் ஊற்றிச் சோறு போட்டார்கள் என்பதை இங்கே பதிவு செய்யாவிட்டால் நன்றி மறந்தவளாவேன். தொலைதூர முகாம் வாழ்க்கை மேலைநாட்டு இதழ்களிலிருந்து நமக்கு வந்து சேர்ந்த புதுமை என்று எவரேனும் எழுதும்போதெல்லாம் அந்த லாரியின் பக்கவாட்டில் காய்ந்துகொண்டிருந்த லுங்கிகள் நினைவுக்கு வருகின்றன.

ஆச்சோ திருச்செங்கோட்டைப் பார்த்ததில்லை. ஆயினும் அவருடைய விதிகள் அதே திசையில் இருந்தன. வண்டியை எப்போதும் வெளியேறும் வழியை நோக்கியே நிறுத்துவார். பொழுது சாய்ந்தபின் கூடாரக் கயிறு ஒன்றுகூட வண்டியில் கட்டப்பட்டிருக்கக் கூடாது. பந்தல் கட்ட ஆசைப்பட்ட இளைய மாணவியிடம் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். சமையல் பெட்டிகளும் நீர்க் கேன்களும் முதல் மாலையிலேயே தரைக்கு இறங்கிவிடும். பின்னிருக்கையில் ஆக்சிஜன் சிலிண்டரைத் தவிர வேறெதுவும் கிடக்கலாகாது. லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் பழுதாகிவிடும் என்பதால் அதையும் தொட்டியில் வைக்காமல் முன்னிருக்கையின் காலடியில் வைத்திருந்தோம். அதற்கு மட்டும் விலக்களித்தார்.

மூன்றாம் இரவு, 1.40 மணிக்கு அழைப்புக் குரல் கேட்டது. குழுவின் இளைய மாணவனுக்கு மாலையிலிருந்தே தலைவலி. லேயில் மூன்று நாள் தங்கி உடலைப் பழக்கிக்கொண்டுதான் வந்திருந்தோம். உயரம் அதையெல்லாம் எப்போதும் மதிப்பதில்லை. இருமுறை வாந்தி எடுத்துவிட்டான். எழுந்து நடக்கச் சொன்னோம்; நேர்கோட்டில் கால் வைக்க இயலவில்லை. தள்ளாட்டம் கண்டால் விடியலுக்குக் காத்திராமல் உடனே இறங்க வேண்டும் என்பது மலைமருத்துவத்தின் முதற்பாடம். ஆச்சோ அதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டிருந்தார். மாணவனைப் பின்னிருக்கையில் சாய்த்து அமர்த்தி முகமூடியைப் பொருத்தினோம். உடன் செல்ல ஒருவன் ஏறினான். விளக்குகள் மஹே பாலத்தின் திசையில் இறங்கத் தொடங்கியபோது கடிகாரத்தைப் பார்த்தேன். 1.49.

ஒன்பது நிமிடம். கூரைக் கூடாரத்தை மடித்து, ஏணியைக் கழற்றி, அலமாரியைப் பூட்டிவிட்டுப் புறப்பட்டிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று பிறகு பலமுறை எண்ணிப்பார்த்திருக்கிறேன். அதைவிடவும், மிச்சமிருந்த நாங்கள் இருவரும் எதற்குள் அமர்ந்திருப்போம் என்பதை. வீடு வண்டியோடு போயிருக்கும்.

எங்களிடம் இரண்டு கூடாரங்களும், அடுப்பும், எழுபது லிட்டர் நீரும் இருந்தன. லே அங்கிருந்து ஏறத்தாழ 180 கிலோமீட்டர். தகவல் வர வழியில்லை. காலையில் குக்கரில் சோறு வைத்தோம். அவ்வுயரத்தில் நீர் 85 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுகிறது. குக்கரின்றி அரிசி வேகாது. செய்வதற்கு வேறொன்றும் தோன்றாமல், மணிக்கொருமுறை பெரிய ஊற்றின் வெப்பநிலையை அளந்து குறித்துக்கொண்டிருந்தோம். 84, 84, 84. அந்தப் பக்கம் என் களக்குறிப்பேட்டில் இன்னும் இருக்கிறது. அறிவியல் பயன் ஏதுமில்லை. இளையவள் ஒருமுறை கேட்டாள்: "அக்கா, அவன் இறங்கியிருப்பான் இல்லையா?" இறங்கியிருப்பான் என்றேன். எனக்கு என்ன தெரியும்?

மாலை நான்கரை மணிக்குத் தொலைவில் தூசி எழுந்தது. ஆச்சோ தனியாக வந்தார். வண்டியை நிறுத்துவதற்கு முன்பே சன்னல் வழியே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். காலை எட்டு மணிக்குள் மருத்துவமனையில் சேர்த்தாயிற்று. மூளையில் நீர் கோக்கத் தொடங்கியிருந்தது. இன்னும் சில மணிநேரம் தாமதித்திருந்தால் நிலைமை வேறாகியிருக்கும் என்று மருத்துவர் சொன்னாராம். மாணவன் இரண்டு நாளில் எழுந்து நடந்தான். இப்பதிவையும் அவனிடம் காட்டி ஒப்புதல் பெற்றே இடுகிறேன். ஆச்சோ முன்னிருக்கையிலிருந்து ஒரு கட்டுக் கீரையை எடுத்து நீட்டிவிட்டு, வண்டியை மறுபடியும் வெளிவழி நோக்கித் திருப்பி நிறுத்தினார். அதன்பிறகுதான் தேநீர் குடித்தார்.

கேட்டவர்களுக்கு இன்னும் இரண்டு சொற்கள். பெண்கள் செல்லும் குழுவாயின் கழிப்பறைக்கென ஓர் ஒற்றையாள் கூடாரத்தை எடைக் கணக்கில் முதலிலேயே எழுதிவிடுங்கள். 'இடமிருந்தால் பார்க்கலாம்' என்னும் பட்டியலில் அதை விடாதீர்கள். அந்தக் குளிரில் கழிவு எளிதில் மட்காது. பூகாவின் இரு பக்கத்திலும் ஸோ மோரிரி, ஸோ கர் என ராம்சர் ஈரநிலங்கள் இருக்கின்றன. மூடியுள்ள வாளியில் சேர்த்துத் திரும்பக் கொண்டுவருகிறோம். நீர் குறையக் குறைய வண்டி இலகுவாகும் என்று மகிழ்ந்தும் விடாதீர்கள். எங்கள் தொழிலில் காலியான கேன்களின் இடத்தைக் கற்கள் நிரப்பிவிடுகின்றன.

இவ்வாண்டு பட்டியலில் ஒரே மாற்றம், இரண்டாவது ஆக்சிஜன் சிலிண்டர். அதன் எடைக்கு ஈடாக மடக்கு நாற்காலிகள் நான்கையும் விட்டுவிட்டுச் செல்கிறோம். பால் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டால் உட்காரலாம். பெட்டிகளை அடுக்கும் வரிசையின் படம் வேண்டுவோர் பின்னூட்டத்தில் சொல்லுங்கள்; மாமா கையால் வரைந்தது, அனுப்பிவைக்கிறேன்.