கரை தெரிகிறது, இறங்க முடியாது

கொள்ளைநோய்க் காலத்தில் கப்பலில் போவது பற்றி யோகோஹாமா துறைமுகத்தில் நின்றபடி சில யோசனைகள்.

யோகோஹாமாவின் ஓசன்பாஷி பயணிகள் துறையின் மேல்தளத்துக்குப் போகப் படியேற வேண்டியதில்லை. மரப்பலகை பாவிய தளம் மெல்ல ஏறி, மெல்ல இறங்கி, கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. உள்ளூர்க்காரர்கள் அதைத் திமிங்கிலத்தின் முதுகு என்கிறார்கள். 1894-ல் கட்டிய பழைய துறையின் இடத்தில் 2002-ல் எழுந்த கட்டடம் அது. நான் போயிருந்த காலையில் பத்து மாடி உயரத்துக்கு ஒரு வெள்ளைக் கப்பல் நின்றிருந்தது. கீழே பெட்டிகளை உருட்டிக்கொண்டு பயணிகள் வரிசை. பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள்.

அந்த நேரம் பார்த்து நாக்பூரிலிருந்து அக்காவின் போன். "அத்தானுக்கு ரிடையர்மெண்ட் பணம் வந்திருக்கு. சிங்கப்பூர்லேர்ந்து ஏதோ கப்பல் போறதாம், அதுல போகலாம்கறார். நீ அங்கதானே நிக்கறே, நல்லாப் பாத்துட்டுச் சொல்லு."

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் என் கண் போனது அந்த வெள்ளைக் கப்பலின் மேல் அல்ல. தூரத்தில் பே பிரிட்ஜ் என்ற பெரிய பாலம் தெரிகிறது. அதற்கு அந்தப் பக்கம் டைகோகு என்ற சரக்குத் துறை. 2020 பிப்ரவரியில் டைமண்ட் பிரின்சஸ் என்ற கப்பலை உலகமே டி.வி.யில் பார்த்தது அங்கேதான்.

அந்தக் கப்பல் 2020 ஜனவரி 20-ந் தேதி இதே ஊரிலிருந்து கிளம்பியது. ககோஷிமா, ஹாங்காங், வியட்நாம், தைவான், ஒகினாவா என்று சுற்றிவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். ஜனவரி 25 அன்று ஹாங்காங்கில் இறங்கிய ஒரு முதியவருக்குக் கொரோனா இருப்பது பிப்ரவரி 1-ல் தெரியவந்தது. கப்பல் பிப்ரவரி 3 இரவு யோகோஹாமா வந்து சேர்ந்தது. சுகாதார அதிகாரிகள் ஏறிச் சோதித்தார்கள். பிப்ரவரி 5 காலையில் பத்துப் பேருக்குத் தொற்று உறுதியானதும் எல்லோரும் அறைக்குள் இருக்க உத்தரவு. அதற்கு முந்தின நாள்வரை பயணிகள் கப்பலுக்குள் இஷ்டம்போல உலவிக்கொண்டிருந்தார்கள். மொத்தம் 3,711 பேர், 56 நாடுகளைச் சேர்ந்தவர்கள். கடைசிக் கணக்கில் தொற்றியது 712 பேருக்கு. பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள்.

நகரத்தின் விளக்குகள் கண்ணெதிரே தெரிகின்றன. கரைக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் இறங்க முடியாது. இந்த அனுபவத்துக்கு எந்த டிராவல் ஏஜெண்டின் வண்ணப் புத்தகத்திலும் படம் போட்டிருக்கமாட்டார்கள்.

அந்த இரண்டு வாரத்தில் சின்ன விஷயங்கள் பெரிதாகிவிட்டன. முதலாவது, ஜன்னல். கப்பலில் குறைந்த கட்டணத்துக்குக் கிடைப்பது உள்ளறை. நான்கு பக்கமும் சுவர்தான். பகலெல்லாம் மேல்தளத்திலும் சாப்பாட்டுக் கூடத்திலும் இருக்கப்போகிறோம், தூங்கத்தானே அறை என்று மக்கள் அதை வாங்குகிறார்கள். சாதாரண நாளில் அது சரியான கணக்கு. தனிமைப்படுத்தியபோது உள்ளறைக்காரர்களை முகக்கவசத்தோடு, இடைவெளி விட்டு, முறைவைத்துச் சிறிது நேரம் மேல்தளத்தில் நடக்கவிட்டார்கள். மற்ற நேரமெல்லாம் சுவரையும் டி.வி.யையும் பார்த்தபடி கிடந்தார்கள். பால்கனி அறைக்காரர்களுக்குக் கடற்காற்றாவது கிடைத்தது.

இரண்டாவது, மருந்து. பயணிகளில் ஏராளமானோர் வயதானவர்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம் என்று ஆளுக்கொரு மாத்திரை. பதினாறு நாள் பயணத்துக்குப் பதினாறு நாள் மாத்திரைதான் கொண்டுவந்திருந்தார்கள். மருந்து இல்லை என்று எழுதிய துணியைக் கப்பலின் கைப்பிடிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டவர்கள்கூட உண்டு. கரையில் மருந்து இல்லாமல் இல்லை. யாருக்கு எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், ஜப்பானில் அதற்கு என்ன பெயர் என்று கண்டுபிடித்து ஆயிரக்கணக்கான அறைகளுக்குப் பிரித்துக் கொடுப்பதற்குள் நாட்கள் ஓடின. பயணிகள் கையில் இருந்ததெல்லாம் அவரவர் நாட்டு பிராண்ட் பெயர்.

மூன்றாவது விஷயத்தைப் பயணக் கட்டுரைகள் சொல்வதில்லை. பயணிகள் அறைக்குள் இருந்தார்கள். அவர்களுக்கு மூன்று வேளை சாப்பாடு எப்படி வந்தது? ஊழியர்கள் கொண்டுவந்தார்கள். ஆயிரத்துச் சொச்சம் ஊழியர்கள். சமையல், பாத்திரம், துணி, குப்பை எல்லாம் அவர்கள் வேலை. அவர்கள் தூங்கியது கீழ்த்தளத்தில் பகிர்ந்துகொள்ளும் சிறிய அறைகளில், சாப்பிட்டது பொதுக்கூடத்தில். அவர்களைத் தனிமைப்படுத்தினால் கப்பலுக்குச் சோறில்லை. பிப்ரவரி 9-க்குள் தொற்று உறுதியான ஊழியர்கள் 20 பேரில் 15 பேர் உணவுப் பிரிவைச் சேர்ந்தவர்கள். பயணிகளைக் காப்பாற்றப் போட்ட வேலி ஊழியர்களுக்கு வெளியே நின்றுவிட்டது என்பதுதான் என் கருத்து.

அந்தக் கப்பலில் இருந்த இந்தியர்கள் 138 பேர். அதில் 132 பேர் ஊழியர்கள், 6 பேர்தான் பயணிகள். உலகக் கப்பல்களில் நம் ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான கணக்கு வேண்டியதில்லை. 16 பேருக்குத் தொற்று. பிப்ரவரி 27-ல் ஏர் இந்தியா விமானம் 119 இந்தியர்களை டில்லிக்குக் கொண்டுவந்தது. கூடவே இலங்கை, நேபாளம், தென்னாப்பிரிக்கா, பெரு நாடுகளைச் சேர்ந்த ஐந்து பேரையும். வந்தவர்கள் நேரே வீட்டுக்குப் போகவில்லை. மானேசரில் ராணுவ முகாமில் இன்னொரு பதினான்கு நாள்.

இந்தச் சிக்கலில் யார் பொறுப்பு என்று கேட்டால் தலை சுற்றும். கப்பலைக் கட்டியது நாகசாகியில். பதிவு பிரிட்டனில். நடத்துவது அமெரிக்க கம்பெனி. கேப்டன் இத்தாலியர். நின்றது ஜப்பான் கரையில். கடலில் ஓடும்போது கொடி எந்த நாடோ அந்த நாட்டுச் சட்டம். துறைமுகத்துக்குள் வந்தால் அந்த ஊர் அதிகாரம். சண்டை என்று வந்தால் உங்கள் டிக்கெட்டின் பின்பக்கப் பொடி எழுத்தில் எந்த நாட்டு நீதிமன்றம் என்று போட்டிருக்கும். அதை நாம் யாரும் படிப்பதில்லை. நானும் படித்ததில்லை.

யோகோஹாமாவுக்கு இந்தத் தகராறு புதிதில்லை. 1879-ல் ஜப்பானில் காலரா ஒரு லட்சம் பேருக்கு மேல் பலிவாங்கியது. அப்போது காலரா பரவியிருந்த கோபே நகரிலிருந்து ஹெஸ்பீரியா என்ற ஜெர்மானியக் கப்பல் வந்தது. தனியே நிறுத்திவையுங்கள் என்றது ஜப்பான். அன்றைய ஒப்பந்தங்களின்படி வெளிநாட்டவர்மேல் ஜப்பான் சட்டம் செல்லாது. ஜெர்மானியப் போர்க்கப்பல் ஒன்று துணைவர, ஹெஸ்பீரியா உத்தரவை மதிக்காமல் யோகோஹாமாவுக்குள் நுழைந்தது. இருபது வருடம் கழித்து, 1899-ல், இதே ஊரின் நோய்த்தடுப்பு நிலையத்தில் வேலை பார்த்த ஹிடேயோ நொகுச்சி என்ற இளம் டாக்டர், வந்து நின்ற அமெரிக்கா மாரு கப்பலில் பிளேக் நோயாளியைக் கண்டுபிடித்தார். பிற்பாடு உலகப் புகழ் பெற்று, ஜப்பானின் ஆயிரம் யென் நோட்டிலும் இடம்பெற்றவர் அவர்தான்.

ஓசன்பாஷியிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் யமஷிதா பூங்கா. 1923 பூகம்பத்தில் இடிந்த நகரத்தின் இடிபாடுகளைக் கடலில் கொட்டி, அதன்மேல் அமைத்த பூங்கா. அதன் ஓரத்தில் ஹிகாவா மாரு என்ற 1930-ம் வருடத்துக் கப்பலைக் கட்டிவைத்திருக்கிறார்கள். சார்லி சாப்ளின் பயணம் செய்த கப்பல். யுத்தத்தின்போது மருத்துவமனைக் கப்பல். உள்ளே போனால் முதல் வகுப்பு அறைகளின் பளபளப்பையும் மூன்றாம் வகுப்பின் அடுக்குப் படுக்கைகளையும் ஒரே டிக்கெட்டில் பார்க்கலாம். யோகோஹாமா போகிறவர்கள் தவறவிடக்கூடாத இடம்.

ஜப்பான் மட்டும் ஏதோ மோசம் என்று நினைக்க வேண்டாம். அதே பிப்ரவரியில் ஹாங்காங்கிலிருந்து கிளம்பிய வெஸ்டர்டாம் கப்பலை பிலிப்பைன்ஸ், தைவான், ஜப்பான், அமெரிக்காவின் குவாம், தாய்லாந்து எல்லாமே மறுத்தன. கடைசியில் 13-ந் தேதி கம்போடியாவின் சிஹானுக்வில்லில்தான் இடம் கிடைத்தது. பயம் வந்துவிட்டால் துறைமுகங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று கதவைச் சாத்துகின்றன.

நமக்கும் அந்த ருசி தெரியும். 1994 செப்டம்பரில் சூரத்தில் பிளேக் என்று செய்தி வந்ததும் வளைகுடா நாடுகள் உட்படப் பல நாடுகள் இந்திய விமானங்களை நிறுத்தின. அந்த வாரத்தில் நான் ஓர் ஐரோப்பிய நகரத்தில் இறங்கினேன். மற்றவர்கள் வெளியே போக, எங்கள் விமானக்காரர்களுக்கு மட்டும் தனி வரிசை. முகமூடி போட்ட ஒரு பெண் அதிகாரி, சூரத் எங்கே இருக்கிறது, உங்கள் ஊரிலிருந்து எத்தனை தூரம் என்று கேட்டார். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் என்று பெருமையாகச் சொன்னேன். என் பின்னால் நின்றவர் சூரத்காரர். என் பதில் அவர் காதில் விழுந்திருக்கும் என்று பிறகுதான் உறைத்தது.

கொரோனாவுக்கான சர்வதேச அவசரநிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் அறிவித்தது. கப்பல்கள் மறுபடி நிறைந்துவிட்டன. ஆனால் நோய் ஒன்றுதானா? வயிற்றைக் கலக்கும் நோரோவைரஸ் கப்பல்களுக்குப் பழைய விருந்தாளி. கிருமிநாசினி ஜெல்லுக்கு அது அவ்வளவாக மசியாது. சோப்பு போட்டுக் கழுவுவதுதான் வழி. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களின் சுகாதாரத்தைச் சோதித்து, அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் நூற்றுக்கு மார்க் போடுகிறது. 85-ம் அதற்குக் கீழும் பெயில். ஏறும் கப்பலின் மார்க்கை யாரும் பார்த்துக்கொள்ளலாம். நம் ஊரில் பாதிப் பேருக்கு ஹோட்டல் சமையலறையை எட்டிப்பார்க்கும் பழக்கம் உண்டு. அதேதான் இதுவும்.

மாலையில் அக்காவுக்கு நானே போன் போட்டேன்.

விசாவைத்தான் முதலில் சொன்னேன். கப்பல் கிளம்பிய நாட்டுக்கே திரும்பி வருகிறது என்றால் அது இரண்டாவது நுழைவு. ஒற்றை நுழைவு விசாவோடு போனால் கிளம்பிய துறையிலேயே மாட்டிக்கொள்ள நேரும். வழியில் உள்ள ஒவ்வொரு நாட்டுக்கும், நீங்கள் இறங்காவிட்டாலும், விசா கேட்கிறார்களா என்று கம்பெனியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆப்பிரிக்காவிலோ தென்னமெரிக்காவிலோ மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு காகிதம்: தடுப்பூசிச் சான்று. ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் அது செல்லும். அது இல்லாமல் திரும்பினால் நம் அரசாங்கமே ஆறு நாள்வரை தனியே வைக்கும்.

அடுத்தது இன்ஷூரன்ஸ். கப்பலில் டாக்டர் உண்டு, சில படுக்கைகள் உண்டு, பில் டாலரில் உண்டு. நெஞ்சுவலி என்றால் கரைக்குத்தான் அனுப்புவார்கள், நடுக்கடல் என்றால் சில சமயம் ஹெலிகாப்டரில். அந்தச் செலவை பாலிசி ஏற்குமா, அரசாங்கம் தனிமைப்படுத்தினால் ஹோட்டல் செலவும் புது விமான டிக்கெட்டும் தருமா என்று பார்க்கவேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி இது மாறுகிறது. நோய்ச் செய்தி பத்திரிகையில் வந்தபிறகு எடுத்த பாலிசி அந்த நோய்க்குப் பெரும்பாலும் உதவாது.

மருந்து விஷயத்தில் ஒரு சங்கடம். கூடுதலாகக் கொண்டுபோ என்று சொல்வது சுலபம். ஆனால் ஜப்பானில் டாக்டர் சீட்டுள்ள மாத்திரை ஒரு மாதத்துக்கு மேல் என்றால் முன்கூட்டியே அனுமதி வாங்கவேண்டும். சூடோஎபிட்ரின் அதிகம் கலந்த சில ஜலதோஷ மாத்திரைகளுக்கு அறவே தடை. சிங்கப்பூரும் சில தூக்க மாத்திரைகளுக்கு முன் அனுமதி கேட்கிறது. ஆகவே பயண நாளைவிட இரண்டு வாரம் அதிகமாக, சட்டத்துக்கு உட்பட்ட அளவில், அசல் அட்டையோடு, கைப்பையில். கூடவே டாக்டர் சீட்டு, பிராண்ட் பெயர் இல்லாமல் மருந்தின் பெயரோடு.

"ஏறும்போது காய்ச்சல் உண்டான்னு கேப்பாளாமே? இருந்தா பணம் போயிடுமே" என்றாள் அக்கா. அத்தான் பின்னாலிருந்து, ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு ஏறிவிடலாம் என்று சொல்வது கேட்டது. உலகம் பூராவும் அத்தான்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள். காய்ச்சல் இருந்தால் தேதியை மாற்றித் தரும் கம்பெனியாகப் பார், நூறு டாலர் அதிகமானாலும் பரவாயில்லை என்றேன். உனக்குச் சாப்பாடு கொண்டுவரும் பையன் திருநெல்வேலிக்காரனாகக்கூட இருப்பான், கீழ்த்தளத்தில் அவனோடு இன்னொருவன் படுத்திருப்பான் என்றும் சொன்னேன். அத்தான் ஒன்றும் பேசவில்லை.

பே பிரிட்ஜில் விளக்கு போட்டுவிட்டார்கள். வெள்ளைக் கப்பல் சங்கு ஊதியது. மேல்தளத்தில் பயணிகள் கையசைத்தார்கள். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு திறந்த கதவில், வெள்ளைச் சட்டையும் ஏப்ரனுமாக இரண்டு பேர் நின்று ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கேக்கறியா?" என்றாள் அக்கா. "ஜன்னல் வச்ச அறைக்கு எவ்வளவு ஜாஸ்தி ஆகும்?"