கொஞ்சம் தண்ணீர் சேருங்கள்



ஐப்பசி பிறந்துவிட்டால் நம் காரைக்குடிப் பகுதியில் அடைமழை தொடங்கிவிடுகிறது. மலைநாட்டுக் குளிர் நமக்கில்லை. எனினும் நான்கு நாட்கள் விடாது பெய்தால் முதியோருக்கு மூட்டு வலியும் இருமலும் வந்துவிடுகின்றன. அந்நாட்களில் நம் இல்லங்களில் அடுப்பேறுவது ஆட்டுக்கால் சூப்பு.

செய்முறை எளிது. தீயில் வாட்டிச் சுத்தம் செய்த 4 கால்களுக்கு 2 லிட்டர் தண்ணீர், 10 சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, மஞ்சள், இடித்த மிளகு, சீரகம், உப்பு போதும். குக்கரில் இளந்தீயில் 1 மணி நேரம் வேகட்டும். தோலும் சவ்வும் கரைந்து சாறு பிசுபிசுப்பாகும். எலும்பின் சுண்ணாம்புச்சத்து முழுவதும் சாற்றில் இறங்கிவிடுவதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் மிகக் குறைவாகவே இறங்குகிறது. சூடும் மிளகின் காரமுமே தொண்டைக்கு இதம் தருகின்றன. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு உப்பைக் குறைத்துக் கொடுங்கள்.

பிரியாணிக்கு இல்லாத ஒரு சிறப்பு சூப்புக்கு உண்டு. தண்ணீர் சேர்த்தால் பெருகும். குழம்பு சமைத்தால் தண்ணீரை அதிகமாக்கி, அண்டை வீட்டாரையும் கவனித்துக்கொள்ளுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்திய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அண்டை வீட்டார் எந்தச் சமயத்தவர் என்ற பாகுபாடு அதில் இல்லை.

எங்கள் தெருவில் ஓர் ஆச்சி தனித்து வாழ்கிறார். பிள்ளைகள் சிங்கப்பூரில். சென்ற ஆண்டு கார்த்திகை மழையில் காய்ச்சல் கண்டு, 3 நாட்கள் தேநீரில் ரொட்டியை நனைத்து உண்டே கிடந்திருக்கிறார். கேட்பதற்குக் கூச்சம், எவரிடமும் சொல்லவில்லை. பணிப்பெண் வாயிலாகவே எனக்குத் தெரியவந்தது. கார்த்திகையில் அவர் புலால் உண்பதில்லை. ஆகவே தனிப் பாத்திரத்தில் பாசிப்பருப்பும் முருங்கைக்கீரையும் வேகவைத்து, மிளகு தட்டிப் போட்டு எடுத்துச் சென்றேன்.

"உனக்கு ஏன் ஆத்தா வீண் சிரமம்?" என்றார்.

"உப்புச் சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள் ஆச்சி" என்றேன்.

முழுவதையும் குடித்துவிட்டு, "இன்னும் ஒரு கல் போடலாம்" என்றார். மறுநாள் அவர் சொன்னபடியே கொண்டு சென்றேன். உடல் தேறியபின் பாத்திரம் வெறுமையாகத் திரும்பவில்லை; சீப்புச்சீடையுடன் வந்தது.

கையேந்துபவருக்கு ஈவது எளிது. கேட்கக் கூசுபவரின் மனம் நோகாமல் கொடுப்பதற்கே பக்குவம் வேண்டும். பிள்ளைகளை அயல்நாடுகளுக்கு அனுப்பிவிட்டுப் பெரிய வீடுகளில் தனித்திருக்கும் முதியோர் நம் செட்டிநாட்டில் பலர். அடுத்த மழை நாளில் பானையில் 2 குவளைத் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றுங்கள், சகோதரிகளே. அடுத்த வீட்டார் எதை உண்பார் என்பதையும் அறிந்துகொண்டு ஊற்றுங்கள்.