எட்டடி உயரத்தில் ஒரு கொடி

மணலில் சைக்கிள் புதைந்தால் இறங்கி உருட்டிக்கொண்டு போவதே யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எங்களுக்குத் தெரிந்த வித்தை. மணலில் ஓடுவதற்கென்றே ஒரு வாகனத்தை வாங்கி, மேலும் செலவுசெய்து மாற்றியமைத்து, நூற்றைம்பது மைல் இழுத்துச் சென்று, மணல்மேடுகளில் ஏறி இறங்கிவிட்டு வீடு திரும்பும் பொழுதுபோக்கு ஒன்று அமெரிக்காவில் உண்டு. அதனை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு 2022 மார்கழியில் எனக்குக் கிடைத்தது. வாய்ப்பு என்பதைவிடக் கடமை என்பதே பொருந்தும்.

'குவாட்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் இவ்வாகனத்தின் இருக்கையும் கைப்பிடியும் மோட்டார் சைக்கிளுக்கு உரியவை. சக்கரங்கள் மட்டும் நான்கு. பண்ணைகளில் பாரம் சுமக்கும் வகை வேறு. தாழ்வாகவும் அகலமாகவும், வேகத்துக்கென்றே அமைக்கப்படுவது 'ஸ்போர்ட் குவாட்'. இவற்றுக்கு முன்னோடி மூன்று சக்கர வாகனம். ஹொண்டா நிறுவனம் 1970 இல் அதனை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது. திரும்பும்போது எளிதிற் கவிழும் அவ்வாகனத்தால் விபத்துகள் பெருகின. 1988 இல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணைக்குழுவுக்கும் உற்பத்தியாளர்களுக்கும் இடையே நீதிமன்றத்தின் முன் ஏற்பட்ட இணக்கத்தோடு புதிய முச்சக்கர வாகனங்களின் விற்பனை நின்றது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே சுசுகி நான்கு சக்கரங்களோடு வந்துவிட்டது. நான்காவது சக்கரத்தால் ஆபத்துக் குறைந்தது, நீங்கிவிடவில்லை.

சான் டியேகோவில் வசிக்கும் என் தங்கையின் மகன் வாங்கியது யமஹாவின் வைஎஃப்இசட் 450 ஆர். தங்கையின் கணவர் 1995 இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தவர். மகனுக்கு அப்போது இரண்டு வயது. நான் அங்கு போய் இறங்கிய மறுநாள், மகன் வேலைக்குப் போன பிறகு, தங்கை என்னிடம் சொன்னாள்: "அண்ணா, வாங்காதை எண்டு சொல்ல எனக்கு ஏலாது. முப்பது வயசாகப்போற பிள்ளை. நீங்கள் அவனோட போய் நிண்டு பாத்துப்போட்டு வந்து உள்ளதைச் சொல்லுங்கோ. பேப்பர்காரர்தானே நீங்கள்?" முப்பது ஆண்டுகளில் எந்த ஆசிரியரும் எனக்கு இதனிலும் கடினமான பணியைத் தந்ததில்லை.

கடையிலிருந்து வரும் குவாட் மண்ணுக்கு உரியது, மணலுக்கு உரியதன்று என்பதை மருமகனின் கராஜில் நின்றபோதே அறிந்தேன். மண் சக்கரத்தைத் தாங்கும், மணல் விலகிக்கொடுக்கும். எனவே மணலுக்குப் போகிறவர்கள் வாகனத்தைத் தனியாகத் தயார்செய்கிறார்கள். மருமகனிடம் ஒரு பட்டியல் இருந்தது. முதலாவதாக, கூடிய சத்தத்தோடு கூடிய வலுவையும் தரும் புதிய புகைக்குழாய். அடுத்தது, எரிபொருளின் அளவை மாற்றியமைக்கும் மின்னணுக் கருவி. பின்னர் ரயர்கள், காற்று வடிகட்டி என்று இறங்கி, கடைசி வரியில் கொடி இருந்தது. கையிலிருந்த பணமோ பட்டியலின் பாதிக்குத்தான் போதும்.

அயல்வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற மெக்கானிக்; முப்பது ஆண்டுகளாக மணலில் ஓடியவர். அவர் பட்டியலை வாங்கி ஒருமுறை பார்த்தார். "இதைக் கீழேயிருந்து மேலே வாசி. பணம் எந்த வரியில் தீருகிறதோ அந்த வரியில் நிறுத்திவிடு" என்றார். மருமகனுக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் கீழேயிருந்து தொடங்கினான்.

கடைசி வரியில் இருந்த கொடி முதலாவதாயிற்று. வாகனத்தின் பின்புறத்தில் வளையக்கூடிய நீண்ட கம்பொன்றைப் பூட்டி, நிலத்திலிருந்து குறைந்தது 8 அடி உயரத்துக்கு நுனி எழும்படி வைத்து, அதில் செம்மஞ்சள் அல்லது சிவப்புக் கொடியைக் கட்டவேண்டும். கொடி 6 அங்குலத்துக்கு 12 அங்குலத்தில் குறையக்கூடாது. கலிபோர்னியாவின் மணல்மேடுகளில் இது சட்டம். காரணத்தை நான் பின்னர் கண்ணாற் கண்டேன்.

அடுத்தது நாடா. ஒரு முனை ஓட்டுபவரின் மணிக்கட்டில், மறுமுனை கைப்பிடியிலுள்ள சுவிற்சில். அவர் தூக்கி எறியப்பட்டால் நாடா கழன்று இயந்திரம் அந்தக் கணமே நின்றுவிடும். ஆளில்லாத வாகனம் அவர்மீது ஏறாது. அதற்கு அடுத்தது, காலுக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே பூட்டும் கம்பிச் சட்டமும் அதில் இழுத்துக் கட்டிய வலையும். கால் வழுக்கினால் சக்கரம் அதனை உள்ளே இழுத்துவிடாமல் இது தடுக்கும். தலைக்கவசமும் கண்ணாடியும் பட்டியலிலேயே இல்லை. அவை இல்லாமல் அவன் ஏறியதும் இல்லை.

பிறகு ரயர்கள். பின்சக்கரங்களுக்குப் பூட்டுவது 'படில் ரயர்'. சாதாரண ரயரின் கட்டைகளுக்குப் பதிலாக இதன் குறுக்கே படகுத் துடுப்புப் போன்ற இறப்பர் அலகுகள் நிமிர்ந்து நிற்கும். சக்கரம் சுழலும்போது அவை மணலை அள்ளிப் பின்னே எறிய, வாகனம் முன்னே செல்லும். அலகின் குழிந்த பக்கம் மணலை அள்ளும் திசையில் இருக்கவேண்டும். மாறிப் பூட்டினால் அள்ளவேண்டிய மணல் வழுகிப்போகும். முன்சக்கரங்களுக்கு ஏறக்குறைய வழுவழுப்பான ரயர். நடுவில் மாத்திரம் ஒரு வரம்பு. படகின் அடிமரம்போல அது மணலைக் கிழித்துத் திசை காட்டும். இந்த நான்கையும் வேறு சக்கரங்களில் ஏற்றி வைத்துக்கொள்வதே வழக்கம். கல்லிலும் தாரிலும் ஓடினால் அலகுகள் கிழிந்துவிடும்.

காற்றழுத்தம் எனக்கு வியப்பளித்தது. கார் ரயருக்குச் சதுர அங்குலத்துக்கு முப்பது இறாத்தலுக்கு மேல் அடிக்கிறோம். இங்கே ஐந்து இறாத்தல் அளவுதான். ரயர் தட்டையாகிப் பரந்து மணலில் மிதக்கவேண்டும். கார்களுக்கான அழுத்தமானி இவ்வளவு சிறிய அளவைச் சரியாகக் காட்டாது. அதற்கெனத் தனி மானி வேண்டும். இடமும் வலமும் சமமாக இல்லாவிட்டால் வாகனம் ஒரு பக்கம் இழுக்கும். மருமகன் ஒவ்வொரு ரயராக மூன்று தடவை அளந்தான்.

மணல் இயந்திரத்துக்கும் எதிரி. காற்று வடிகட்டி ஸ்பொஞ்சால் ஆனது. அதனைக் கழுவி, உலர்த்தி, அதற்குரிய ஒட்டும் ஒயிலில் ஊறவைத்துப் பிழிந்து, விளிம்பிற் கிறீஸ் பூசிப் பூட்டினான். மேலே நுண்ணிய துணிபோன்ற இன்னோர் உறை. காற்றுப் பெட்டியின் மூடியைக் கழற்றிவிட்டால் வலு கூடும் என்று சிலர் கழற்றுகிறார்கள். கூடுதலாக நுழைவது காற்று மட்டுமன்று, மணலுந்தான். எரிபொருளின் அளவையும் அதற்கேற்ப மாற்றவேண்டும். அயல்வீட்டுக்காரர் மூடியைத் தொடவே விடவில்லை. செயினுக்கு ஒயிலை அள்ளிப் பூசக்கூடாது என்பதும் அவர் பாடம். ஈரமான செயினில் மணல் ஒட்டினால் அது அரத்துக்குச் சமம், பற்சக்கரங்களைத் தின்றுவிடும்.

துடுப்பு ரயர் மணலைக் கவ்வும்போது இயந்திரம் திணறும். அதற்காக முன்புறப் பற்சக்கரத்தில் ஒரு பல்லைக் குறைப்பார்கள். உச்ச வேகம் சற்றுக் குறைந்து இழுவை கூடும். அத்தோடு பணம் தீர்ந்துவிட்டது. புகைக்குழாய் வாங்கப்படவில்லை. 'அதற்கும் 96 டெசிபல் என்று சட்டம் எல்லை வைத்திருக்கிறது' என்று நான் ஆறுதல் சொன்னேன், அவன் சிரிக்கவில்லை. புதிய இயந்திரத்தை மெதுவாகப் பழக்கி, முதல் ஒயிலை மாற்றி, ஒவ்வொரு நட்டையும் இறுக்கிப் பார்த்தபின் ஒரு வெள்ளிக்கிழமை மாலை புறப்பட்டோம்.

மெக்சிக்கோ எல்லையை ஒட்டிய அந்த மணற்பரப்பின் பெயர் அல்கொடோனஸ். நீளம் 40 மைலுக்கு மேல். சராசரி அகலம் 5 மைல். சில மேடுகள் 300 அடி உயரம். பண்டைய கஹுயில்லா ஏரியின் கரை மணலைக் காற்றுச் சுமந்துவந்து குவித்தது என்பர். கார்கள் வந்த புதிதில் இதனைக் கடக்க வழியில்லாமல், 1915 இல் மரப்பலகைகளை அடுக்கி ஒரு வீதி போட்டார்கள். 1926 வரை அதில்தான் போக்குவரத்து. அதன் துண்டுகள் இன்றும் மணலில் கிடக்கின்றன. முழுப்பரப்பும் வாகனங்களுக்கு உரியதன்று. 78 ஆம் இலக்க நெடுஞ்சாலைக்கு வடக்கேயுள்ள பெரும்பகுதி 1994 முதல் சட்டப்படி வனாந்தரம், இயந்திரம் நுழையக்கூடாது. தெற்கிலும், 1998 இல் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவிக்கப்பட்ட பியர்சன் மில்க்வெட்ச் என்ற சிறு செடிக்காக மூடப்பட்ட இடங்கள் உண்டு. மணலிலேயே முளைத்து வாழ்வது அது. எங்கள் மணற்காட்டில் சவுக்கு நட்டு மணலை நிறுத்தப் பார்த்தவர்களின் உழைப்பை அறிந்த எனக்கு, ஒரு செடிக்காகச் சக்கரங்களை நிறுத்தியது வியப்பாகப் படவில்லை.

மணல்மேட்டுக்கு இரண்டு முகங்கள். காற்று வரும் பக்கம் சாய்வானது, இறுகியது, ஏறலாம். மறுபக்கம் செங்குத்தாகச் சரிந்து விழுவது. மணல் தன் பாரத்தை எந்தச் சாய்வில் தாங்குமோ அந்தச் சாய்வில், 30 பாகைக்கும் மேலாக, நிற்பது. கீழேயிருந்து ஏறுபவருக்கு மறுபக்கம் தெரியாது. நேற்றிருந்த மேடு இன்று அதே உருவில் இருக்கும் என்பதும் இல்லை. நண்பகலில் நிழலே விழாததால் பள்ளமும் மேடும் ஒரே நிறமாகத் தோன்றும். எனவே உச்சியை நேராகவும் வேகமாகவும் தாண்டக்கூடாது. சரிவாக ஏறி, வேகத்தைத் தணித்து, எட்டிப் பார்த்தே இறங்கவேண்டும்.

சனிக்கிழமை காலை பத்து மணியிருக்கும். பக்கத்திலிருந்த உயரமான மேட்டில் நான் நின்றிருந்தேன். கீழே மருமகன் ஒரு மேட்டின் சாய்வில் ஏறிக்கொண்டிருந்தான். அதே மேட்டின் மறுபுறத்தில், உச்சியை நோக்கி, நால்வர் அமர்ந்த பெரிய மணல் வாகனம் ஒன்று ஓரமாக ஏறி வந்துகொண்டிருந்தது. இருவரும் ஒருவரையொருவர் காணவில்லை; நான் மட்டும் இருவரையும் கண்டேன். கத்தினால் கேட்காது. இயந்திரங்களின் சத்தம். அப்போது மேட்டின் விளிம்புக்கு மேலே செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு துண்டு எழுந்தது. தலையோ கைப்பிடியோ தெரியவில்லை, கொடி மட்டும். பெரிய வாகனம் சட்டென இடப்பக்கம் வெட்டித் திரும்பிக் கீழே இறங்கியது. சரிவாக மெதுவாக ஏறிய மருமகன் உச்சியில் நின்றான். இருவரும் கையசைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அது அன்றாட நிகழ்ச்சி. எனக்குக் கால் மடங்கிவிட்டது, மணலில் இருந்துவிட்டேன்.

மாலையில் வடிகட்டியைக் கழற்றியபோது மேலுறையில் மா அரித்த அரிதட்டில் நிற்பதுபோல நுண்மணல் படிந்திருந்தது. உள்ளே ஸ்பொஞ்சின் உட்பக்கம் சுத்தமாக இருந்தது. மருமகன் அதனை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "மாமா, குழாயை அடுத்த வருசம் பாப்பம்" என்றான். அடுத்த வருடமும் அவன் வாங்கவில்லை என்று அறிகிறேன்.

தங்கையிடம் உள்ளதைச் சொன்னேன். மேட்டின் உச்சியில் நடந்ததையும் மறைக்கவில்லை. ஆபத்து இல்லை என்று சொல்லவில்லை. அந்த ஆபத்தை அளந்து பார்க்க அவனுக்குத் தெரிந்திருக்கிறது என்று சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தவள், "கொடிக் கம்பு முறியாதோ?" என்று மட்டும் கேட்டாள். மேலதிகமாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறான் என்றேன்.

புலம்பெயர்ந்த நாடுகளில் எம் பிள்ளைகள் நாம் கேள்விப்பட்டிராத விளையாட்டுகளில் இறங்குகிறார்கள். 'வேண்டாம்' என்ற ஒரு சொல்லோடு நாம் நின்றுவிட்டால், கொடி எவ்வளவு உயரம் என்று கேட்பதற்கு வீட்டில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். ஒருநாள் கராஜுக்குள் போய் நின்று, அந்தப் பட்டியலை வாங்கிப் பாருங்கள். கடைசி வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, அதிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.