‘சார்’ இல்லாத வகுப்பறை... கோபன்ஹேகனில் ஆறு வாரப் படிப்பு!

இரவு ஒன்பதரை மணி. வானத்தில் இன்னும் வெளிச்சம் மிச்சமிருக்கிறது. கால்வாய்க் கரையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு கதை பேசுகிறார்கள் இளைஞர்கள். ஜூன் மாதக் கோபன்ஹேகன் இப்படித்தான். இந்த நீண்ட பகல் பொழுதில்தான் பல நாட்டு மாணவர்கள் பெட்டியோடு வந்து இறங்குகிறார்கள்.

டென்மார்க்கின் தலைநகர் சுற்றிலும் சூழ்ந்திருக்க, நடுவே தனி நகராட்சியாக இருக்கிறது ஃபிரெடரிக்ஸ்பெர்க். 1917-ல் தொடங்கப்பட்ட கோபன்ஹேகன் பிசினஸ் ஸ்கூல் இங்கேதான் உள்ளது. கோடையில் வெளிநாட்டு மாணவர்களும் சேர்ந்து படிக்கும் ஆறு வார வகுப்புகள் இங்கு ஆங்கிலத்தில் நடக்கின்றன.

முதல் பாடம் மெட்ரோவிலேயே ஆரம்பித்துவிடும். 2002 முதல் ஓடும் இந்த ரயிலில் டிரைவர் கிடையாது. நிலையத்தில் டிக்கெட்டைக் காட்டினால் திறக்கும் தடுப்புக் கதவும் கிடையாது. டிக்கெட் எடுத்திருப்பீர்கள் என்று நம்புகிறார்கள். பரிசோதகரிடம் மாட்டினால் அபராதம் உண்டு!

எல்லோரும் ‘நீ’தான்!

வகுப்பில் அடுத்த அதிர்ச்சி. பேராசிரியரை ‘சார்’, ‘மேடம்’ என்று யாரும் கூப்பிடுவதில்லை. பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும். நம் ஊரில் ‘நீ’யா, ‘நீங்க’ளா என்று ஒரு நொடி யோசித்துத்தான் வாயைத் திறப்போம். டேனிஷ் மொழியிலும் ‘டூ’ என்றால் நீ, ‘டீ’ என்றால் நீங்கள். ஆனால், 1960-களின் இறுதியில் தொடங்கி ‘நீங்கள்’ மெல்ல மெல்லப் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. இன்று மேனேஜரும் ‘நீ’தான், அமைச்சரும் ‘நீ’தான். அரசரிடம் பேசும்போது மட்டும் பழைய மரியாதை மிச்சமிருக்கிறது.

இன்னொன்று, ஆங்கில ‘ப்ளீஸ்’ஸுக்கு நேரான ஒற்றைச் சொல் டேனிஷில் இல்லை. அதனால் டேனிஷ்காரர் ஆங்கிலத்தில், “அறிக்கையை நாளைக்கு அனுப்பு” என்று மொட்டையாகச் சொன்னால், நமக்குச் சுருக்கென்று இருக்கும். அவருக்கோ அது சாதாரணப் பேச்சு.

சிக்கல் மறுபக்கமும் உண்டு. “பார்க்கலாம்”, “ட்ரை பண்றேன்” என்று நாம் சொன்னால், பல நேரம் அது ‘முடியாது’ என்பதன் நாகரிகமான வடிவம். டேனிஷ்காரர் அதை ‘சரி’ என்று எடுத்துக்கொண்டு தேதி குறித்துவிடுவார். குறித்த நாளில் வேலை முடியாதபோது போவது பணம் மட்டுமல்ல, நம்பிக்கையும்தான். பல நாட்டவர் சேர்ந்து செய்யும் குழு வேலையில் இதை ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டவர் மறக்க மாட்டார்.

தற்பெருமைக்கும் இங்கே மதிப்பு குறைவு. ‘யாந்தே சட்டம்’ என்று இதற்கு ஒரு பெயரே உண்டு. எழுத்தாளர் ஆக்செல் சாண்டமூசே 1933-ல் வெளியிட்ட நாவலிலிருந்து வந்த சொல் இது. தன்னை மற்றவரைவிட உசத்தியாக யாரும் நினைத்துக்கொள்ளக் கூடாது என்ற மனப்போக்கைக் குறிக்கிறது. வாங்கிய ரேங்க், மெடல்களை அடுக்கிப் பேச்சைத் தொடங்கினால் எடுபடாது.

பணம் கட்டும் முன்...

கோபன்ஹேகன் செலவு பிடிக்கும் நகரம். ஆறு வாரப் படிப்பு என்பதால், 180 நாள்களில் 90 நாள்கள் வரை தங்க அனுமதிக்கும் ஷெங்கன் குறுகிய கால விசா போதும். ஆனால், அந்த விசாவில் பகுதிநேர வேலை பார்த்துச் செலவைச் சமாளிக்க முடியாது. அங்கே எடுக்கும் கிரெடிட்டை உங்கள் கல்லூரி ஏற்குமா என்பதை முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். சான்றிதழ் மட்டுமே வேலை வாங்கித் தந்துவிடும் என்று நம்பிக் கடன் வாங்க வேண்டாம்.

மாலையில் கோபன்ஹேகன் சாலையைக் கவனித்தால் ஒன்று தெரியும். சைக்கிளில் போகிறவர் நிற்பதற்கு முன் கையை உயர்த்திக் காட்டுகிறார். பின்னால் வருபவர் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார். முடியாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவதும் மரியாதைதான். ஆறு வாரத்தில் அது பழகிவிட்டால், கொடுத்த காசு வீண் போகவில்லை.