ஸ்ரியரிங் முனகும்போது

புலம்பெயர்ந்த மண்ணில் எம்மவர் குடும்பமொன்றுக்கு வாகனம் ஆடம்பரப் பொருளன்று. கார்ஹிங் நகர மத்திக்கு 2006 ஆம் ஆண்டிலேயே சுரங்க ரயில் வந்துவிட்டது. ஆயினும், விடியுமுன் துப்புரவுப் பணிக்குச் செல்பவருக்கும், பிள்ளைகளைத் தமிழ்ப் பாடசாலைக்கு ஏற்றியிறக்கும் தாய்மாருக்கும், ஏறத்தாழ 600 கிலோமீற்றர் கடந்து ஹம் காமாட்சி அம்பாளின் தேருக்குச் செல்லும் குடும்பங்களுக்கும் வாகனமே துணை.

எமது பழைய வாகனத்தில், ஒரு பனிக்காலக் காலையில், ஸ்ரியரிங்கைத் திருப்புந்தோறும் முன்புறத்தில் ஒரு முனகல் எழுந்தது. இயந்திரம் சூடேறியதும் தணிந்தது. சில வாரங்களில் சூடேறிய பின்னரும் தணியவில்லை. அதிகாலைப் பணிக்குச் செல்லும் என் மனைவி, தரிப்பிடத்திலிருந்து வாகனத்தை வெளியே எடுப்பதற்கே இரு கைகளாலும் இழுத்துத் திருப்ப வேண்டியதாயிற்று.

ஜேர்மானியர் ‘சேர்வோலெங்குங்’ என்றழைக்கும் இவ்வமைப்பில், இயந்திரம் சுழற்றும் பட்டி ஒரு பம்பியை இயக்குகிறது. பம்பி தள்ளும் எண்ணெயின் அழுத்தமே சில்லுகளைத் திருப்ப எமக்கு உதவுகிறது. எண்ணெய் குறைந்து காற்றுப் புகுந்தாலும், பம்பியின் உள்ளுறுப்புகள் தேய்ந்தாலும் முனகல் எழும். புதிய வாகனங்களிற் பெரும்பாலானவற்றில் இவ்வேலையை மின்மோட்டாரே செய்கிறது. எம்மவர் வாங்கும் பழைய வாகனங்கள் பலவற்றில் இன்றும் பம்பிதான்.

பம்பி செயலிழந்தாலும் ஸ்ரியரிங்குக்கும் சில்லுகளுக்கும் உள்ள தொடர்பு அறுவதில்லை. திருப்பலாம், ஆனால் மிகுந்த பலம் வேண்டும். பட்டியே அறுந்தால் நிலைமை வேறு. பல வாகனங்களில் அதே பட்டியே நீர்ப்பம்பியையும் சுழற்றுவதால் இயந்திரம் கொதித்துவிடும். உடனே ஓரமாக நிறுத்த வேண்டும்.

“எண்ணெயை ஊற்றி ஊற்றி ஓடலாம்” என்றனர் நண்பர் சிலர். இத்தொகுதியில் எண்ணெய் தானாகக் குறைவதில்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது என்பதே பொருள். கசியும் எண்ணெய் சூடான புகைக்குழாயில் வீழ்ந்தால் தீப்பற்றவும் கூடும். எல்லா வாகனங்களுக்கும் ஒரே எண்ணெய் பொருந்துவதுமில்லை. கைநூலில் உள்ளதையே ஊற்றல் வேண்டும்.

ஒரு கராஜில், பாவித்த பம்பியொன்றை மலிவாகப் பூட்டித் தந்தனர். பழைய எண்ணெயை அகற்றவில்லை. இரண்டு மாதங்களில் மீண்டும் அதே முனகல். தேய்ந்த பம்பியிலிருந்து உதிர்ந்த உலோகத் துகள்கள் எண்ணெயோடு சுற்றி, மாற்றிய பம்பியையும் தேய்த்துவிட்டன என்று இரண்டாவது கராஜ்காரர் விளக்கினார். அவர் குழாய்களைச் சோதித்து, தொகுதியைக் கழுவி, வேறு பம்பி பூட்டி, காற்றை முற்றாக வெளியேற்றித் தந்தார். மலிவு என்றது இரட்டைச் செலவாயிற்று. அந்நாட்களில் மனைவி உடன் பணிபுரியும் பெண்ணின் வாகனத்தையே நம்பியிருந்தார். அவர் விடுப்பெடுத்த நாளில் இவரது சம்பளமும் போயிற்று.

ஆகவே, பம்பி மாற்றுவோர் மூன்றைக் கேட்டறிதல் நன்று: கசிவு எங்கே? பட்டியும் குழாய்களும் நலமா? பழைய எண்ணெய் முற்றாக அகற்றப்படுமா? ஸ்ரியரிங்கை ஒரு பக்க எல்லைவரை திருப்பி அழுத்திப் பிடித்திருப்பதும் பம்பிக்குக் கேடு. இரண்டு ஆண்டுகளுக்கொருமுறை வரும் ‘ரியூஃப்’ பரிசோதனைவரை காத்திராது, முதல் முனகலிலேயே கராஜுக்குச் செல்லுங்கள். அப்போது ஒரு குழாயோடு முடியக்கூடிய செலவு, பிந்தினால் பம்பிவரை போகும்.