துடுப்பின் நிறம்

தோட்டா போட்டு மீன் பிடித்த வீட்டில் வளர்ந்தவன் நான். இதை வெளியில் சொன்னதில்லை. அமெரிக்காவில் ஓர் ஆற்றங்கரையில் ஒரு மனிதர் பிடித்த மீனைத் திரும்ப விட்டதைப் பார்த்த பிறகுதான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

சிறுமுகைக்குப் பக்கத்தில், பவானி ஆற்றிலிருந்து மூன்று மைல் தள்ளி இருக்கிறது அம்மா பிறந்த ஊர். 1981 கோடை. எனக்குப் பதினொரு வயது. அப்புச்சியின் தோட்டத்துக் கிணறு வற்றிப்போய், ஆழப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. கொங்கு நாட்டில் பத்திருபது அடி மண்ணுக்குக் கீழே பாறைதான். தண்ணீர் வேண்டுமென்றால் பாறைக்கு வேட்டு வைக்க வேண்டும். அந்தக் காலத்தில் தோட்டா என்பது விவசாயி வீட்டில் கடப்பாரை, மண்வெட்டி மாதிரி ஒரு பண்டம். வேலை முடிந்ததும் நாலு தோட்டா மிச்சமிருந்தது.

சின்ன மாமன் அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு, "கண்ணு, வாடா, ஆத்துக்குப் போலாம்" என்றார்.

கோடையில் பவானி பாறைகளுக்கு நடுவே நூலாக ஓடும். ஆனால் வளைவுகளில் மடு இருக்கும். பனைமரம் ஆழம் என்பார்கள். பெரிய மீன்கள் வெயில் காலத்தை அங்கேதான் கழிக்கும். ஆனி, ஆடியில் மலையில் மழை பிடித்துப் புதுத்தண்ணீர் வரும்போது எதிரேறிப் போய்ச் சரளைக்கல் பார்த்து முட்டையிடும். இதெல்லாம் மாமனுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அவர் நேராக மடுவுக்குப் போனார்.

கிணற்றில் வெடித்தால் காது அடைக்கும். ஆற்றில் அப்படி இல்லை. பாதத்துக்குக் கீழே 'தொம்' என்று ஓர் அதிர்வு. தண்ணீர் ஒருமுறை மேலெழும்பி அடங்கியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வெள்ளை வயிறுகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. வெடியில் மீனின் காற்றுப்பை கிழிந்துவிடும். மிதப்பது கொஞ்சம்தான், பாதிக்கு மேல் அடியில் போய்ப் படுத்துவிடும் என்பதைப் பின்னால் படித்தேன். அன்று மிதந்ததை மட்டும் எண்ணிச் சந்தோஷப்பட்டோம்.

அதில் ஒன்றைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. பொம்மீன் என்றார் மாமன். மஹ்சீர். ஒரு செதிள் என் உள்ளங்கையை மூடியது. வழியெல்லாம் அதன் செவுள் அசைந்துகொண்டிருந்தது. அம்மாயி அறுத்தபோது உள்ளே மஞ்சள் மஞ்சளாக முட்டை.

அப்புச்சி அன்று குழம்பைத் தொடவில்லை. "கெணத்துல வெச்சா தண்ணி ஊறும். ஆத்துல வெச்சா என்றா ஊறும்?" என்று கேட்டுவிட்டுத் தயிர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தார். மாமன் சிரித்தார். நானும் சிரித்தேன். மீன் ருசியாகத்தான் இருந்தது.

இரண்டு வருசம் கழித்து ஒரு தோட்டா மாமனின் கையிலேயே வெடித்தது. வலது கையில் மூன்று விரல்கள் போயின. அதோடு எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் நின்றது. தண்ணீரில் வெடி வைத்து மீன் பிடிப்பது 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். எங்களை நிறுத்தியது சட்டம் இல்லை.

போன ஜனவரியில் சியாட்டிலில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவனோடு வேலை செய்யும் ஒருவர் எங்களை ஸ்கைகோமிஷ் ஆற்றுக்கு அழைத்துப் போனார். தேடிப் போனது ஸ்டீல்ஹெட். ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட அதே ஆற்றுக்குத் திரும்பும் மீன். பசிபிக் சால்மன்கள் முட்டையிட்டதும் செத்துப்போகும். ஸ்டீல்ஹெட்டில் சில பிழைத்துக் கடலுக்குப் போய் மறுபடியும் வரும்.

தொடை வரை பனித்தண்ணீர். நாலு மணி நேரம் அந்த மனிதர் வீசினார், இழுத்தார், மறுபடி வீசினார். எனக்குக் கால் மரத்துவிட்டது. கடைசியில் ஒன்று மாட்டியது. வெள்ளி நிறம், மூன்றடி நீளம். கிட்டே கொண்டுவந்தவர் அதைத் தண்ணீரை விட்டு வெளியே எடுக்கவே இல்லை. குனிந்து முதுகைத் தடவிப் பார்த்தார். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே சுண்டுவிரல் நுனி அளவு ஒரு சின்னத் துடுப்பு உண்டு. பண்ணையில் பொரித்து விடும் குஞ்சுகளுக்கு அதை வெட்டிவிடுவார்கள். துடுப்பு இல்லையென்றால் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். இருந்தால் அது ஆற்றிலேயே பிறந்த மீன், விட்டுவிட வேண்டும். அந்த வட்டாரத்து ஸ்டீல்ஹெட் 2007 முதல் அழியும் ஆபத்துள்ள பட்டியலில் இருக்கிறது.

துடுப்பு இருந்தது. முள்ளைக் கழற்றி, மீனை நீரோட்டத்துக்கு எதிர்முகமாகப் பிடித்துக்கொண்டார். செவுள் மெல்ல அசைந்தது. எனக்கு அந்த அசைவு தெரியும். ஒரு நிமிடம் கழித்து வாலை ஒரு வீச்சு வீசிப் போய்விட்டது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். குளிர் என்று மகனிடம் சொன்னேன்.

அதன்பிறகு தேடித்தேடிப் படித்தேன். ஸ்டீல்ஹெட்டும் நீலகிரியில் வளரும் வானவில் டிரவுட்டும் ஒரே இனம். கடலுக்குப் போனால் ஸ்டீல்ஹெட், போகாமல் ஓடையிலேயே இருந்துவிட்டால் டிரவுட். எச்.சி. வில்சன் 1907-இல் அவலாஞ்சியில் டிரவுட்டுக்குப் பொரிப்பகம் அமைத்தார். அந்த அவலாஞ்சித் தண்ணீர் குந்தா ஆறாகி, பவானியில் கலந்து, பில்லூர் அணை வழியாக எங்கள் மடுவுக்கு வருகிறது. சீமை மீனுக்குத் தொட்டில் கட்டிய அதே ஆற்றில் நாட்டு மீனுக்கு நாங்கள் வேட்டு வைத்திருக்கிறோம்.

இத்தனைக்கும் சால்மன் பிடித்துப் பழகிய வெள்ளைக்காரர்களையே மலைக்க வைத்த மீன் மஹ்சீர். எச்.எஸ். தாமஸ் 1873-இல் வெளியிட்ட 'தி ராட் இன் இந்தியா' நூலில், இழுவையில் சால்மனைவிட இதை உயர்த்தி எழுதினார். 1946-இல் கபினியில் பிடிபட்ட ஒன்று 120 பவுண்டு. அந்தப் பெரிய கூன்முதுகு மஹ்சீருக்கு முறையான அறிவியல் பெயர் உறுதியானது 2018-இல்தான்: டோர் ரெமாதேவி. அந்தப் பெயரே அமராவதிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பாம்பாற்றில் கிடைத்த மீன்களுக்கு 2007-இல் வைக்கப்பட்டது. காவிரியையும் அதன் கிளையாறுகளையும் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. பெயர் உறுதியான அதே வருசம் மிக அருகிவிட்ட இனமாகவும் அறிவித்தார்கள். மிச்சம் இருக்கும் சில இடங்களில் ஒன்று, பவானிசாகரில் வந்து சேரும் மோயாறு.

மீன் ஏன் போயிற்று என்றால் எங்கள் பக்கம் உடனே பதில் வரும். அணை, ஆலைக் கழிவு, மணல், சாக்கடை. எல்லாம் உண்மை. பவானிசாகர் அணை 1955-இல் வந்தது. கீழே இருந்து ஏறும் மீனுக்கு அன்றே வழி அடைபட்டது. ஆனால் மிஞ்சிய மீன்கள் ஒதுங்கியிருந்த மடு எங்கே என்று எந்த அணைக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

ஊர் திரும்பியதும் மாமனைப் பார்க்கப் போனேன். எழுபத்தெட்டு வயது. இரண்டு விரலில் காப்பி டம்ளரைப் பிடித்துக்கொண்டு ஸ்டீல்ஹெட் கதையைக் கேட்டார்.

"உட்டுப்போட்டானா? அப்பறம் எதுக்கு நாலு மணி நேரம் தண்ணிக்குள்ள நின்னு புடிச்சான்?"

"எனக்கும் தெரியலீங்க மாமா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "நீந்திப் போச்சா?"

"போச்சுங்க."

கேட்க வந்ததைக் கேட்டேன். "அன்னைக்கி நாம தூக்கிட்டு வந்தமே, அந்தப் பெரிய மீனு. வாலு, துடுப்பெல்லாம் என்ன நெறமுங்க மாமா? நீலமா?"

கூன்முதுகு மஹ்சீருக்குத் துடுப்பு செம்மஞ்சளாக இருக்கும். பண்ணைக் குஞ்சுகளாகக் காவிரியில் விடப்பட்ட இன்னொரு மஹ்சீருக்கு நீலம். நிறத்தை மட்டும் வைத்து, அதுவும் நாற்பது வருச நினைவில், எதையும் அறுதியிட முடியாது. ஆனாலும் நீலம் என்று அவர் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

"நீலமா? யாரு சொன்னா?" மாமன் டம்ளரைக் கீழே வைத்தார். "பழுத்த பப்பாளிய அறுத்து வெச்சாப்பல இருந்துச்சு மாப்ள. இன்னமும் கண்ணுலயே நிக்குது."

அந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று அவரிடம் நான் சொல்லவில்லை.