மூணு கொட்டேஷன்

ஆபீஸில் ஒரு டப்பா குண்டூசி வாங்கவே மூணு கொட்டேஷன் கேட்பார்கள். யார் விலை குறைச்சலோ அவருக்கே ஆர்டர். குண்டூசிக்குச் சரி. மருந்துக்கு?

பெனிசிலினையே எடுத்துக்கொள்ளுங்கள். அமாக்ஸிஸிலின் மாத்திரைக்கு மூலம் அதுதான். புனே பக்கம் பிம்ப்ரியில் அதற்காக 1954-லேயே அரசாங்கம் கம்பெனி ஆரம்பித்தது. நம்ம கடலூரில்கூட ஒரு ஆலை ஓடியது. பிறகு சீனச் சரக்கு அடிமாட்டு விலைக்கு வந்து இறங்க, இங்கே ஒவ்வொன்றாக மூடினார்கள். காசு மிச்சமாச்சேன்னு எல்லோருக்கும் சந்தோஷம்!

2020-ல் கொரோனா வந்தபோது குட்டு உடைந்தது. உலகத்துக்கே மாத்திரை விற்கிற நாம், இறக்குமதி செய்த மருந்து மூலப்பொருளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சீனாவுடையது. மார்ச் 3-ம் தேதி, பாராசிட்டமால் உட்பட 26 சரக்குகளின் ஏற்றுமதிக்கு டெல்லி கடிவாளம் போட்டது. நமக்குச் சீனா எப்படியோ, மற்ற நாடுகளுக்கு நாம் அப்படி!

அந்த வருஷமே 6,940 கோடி ரூபாய் ஊக்கத் திட்டம் அறிவித்தார்கள். 2024-ல் காக்கிநாடா பக்கத்தில் பெனிசிலின் ஆலை ஓட ஆரம்பித்தது. நல்லது. ஆனால் நாளைக்கே சீன விலை இன்னும் இறங்கினால், பழையபடி அங்கேதானே ஓடுவோம்?

விலை கொஞ்சம் கூட இருந்தாலும் ஆர்டரில் ஒரு பங்கை இரண்டாவது ஆளுக்கும் கொடுத்துவைக்க வேண்டும். குடோனில் சில மாதச் சரக்கு கிடக்க வேண்டும். தூங்கும் சரக்கு முடங்கிய பணம் என்றுதான் பி.காமில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். மருந்து விஷயத்தில் அதை இன்ஷூரன்ஸ் பிரீமியம் கணக்கில் எழுதணும் சார். ஸ்கூட்டருக்கு வருஷா வருஷம் கட்டுகிறோமே... இந்த வருஷமும் யார் மேலும் மோதலையேன்னு யாராவது அழுகிறோமா?